முகாமுக்குப் போகட்டுமா, அப்பா?



கோடை விடுமுறை நெருங்கிவிட்டால் மும்பைத் தமிழர் வீடுகளில் பெரும்பாலும் இரண்டு பேச்சுகளே கேட்கின்றன. ஊருக்குப் போக டிக்கெட் கிடைத்ததா என்பது ஒன்று. கிடைக்காவிட்டால் பிள்ளைகளை வீட்டிலே வைத்து எப்படிச் சமாளிப்பது என்பது மற்றொன்று. நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் இடம் பெற்றவர்கள் பாட்டியின் வீடு போய்ச் சேருகிறார்கள். மற்றவர்கள் தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும், தகரக் கூரையின் வெப்பத்தைச் சகித்துக்கொண்டு, ஜூன் மழைக்காகக் காத்திருக்கிறார்கள்.

இந்த நாட்களில்தான் சில பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு காகிதத்தைக் கொண்டுவருகிறார்கள். சாரணர் முகாம், ஏழு நாட்கள், மலையடிவாரத்துக் கிராமம், பெற்றோர் கையொப்பம் தேவை. "போகட்டுமா, அப்பா?" என்று பிள்ளை கேட்கிறான். தகப்பனாருக்கு அடுத்த வருஷத்து மார்க்கும் டியூஷனும் நினைவுக்கு வருகின்றன. தாயாருக்குச் சாப்பாடு நினைவுக்கு வருகிறது. பாட்டிக்கோ பாம்பும் தேளும் நினைவுக்கு வருகின்றன. காகிதம் இரண்டு நாள் அலமாரியின்மேல் கிடந்து, பின்பு காணாமல் போகிறது.

வீடு சந்திக்கச் செல்லும் இடங்களில் இதைக் குறித்து என்னிடத்தில் ஆலோசனை கேட்கிறவர்கள் உண்டு. ஆகவே இம்மாதம் இதைப்பற்றிச் சற்று விரிவாகச் சிந்திப்போம்.

இந்த முகாம் எப்படித் தோன்றிற்று?

1907ஆம் ஆண்டு ஆகஸ்ட் 1 முதல் 8 வரை, இங்கிலாந்தின் தென்கரையில் பூல் துறைமுகத்திலுள்ள பிரவுன்சீ என்னும் சிறு தீவில், இராணுவ அதிகாரியான பேடன் பவல் ஏறக்குறைய இருபது சிறுவர்களைக் கூடாரங்களில் தங்கவைத்தார். அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் ஈட்டன், ஹாரோ போன்ற செல்வர் பள்ளிகளின் மாணவர்கள். மற்றவர்கள் பாய்ஸ் பிரிகேட் என்னும் சிறுவர் அமைப்பைச் சேர்ந்த எளிய குடும்பத்துப் பிள்ளைகள். அந்த பாய்ஸ் பிரிகேட், 1883இல் கிளாஸ்கோ நகரில் ஓர் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியரான வில்லியம் ஸ்மித் தம்முடைய வகுப்பின் அடங்காத பையன்களை ஒழுங்குபடுத்தும்படி தொடங்கியது என்பதை நம்மில் அநேகர் அறியோம்.

பேடன் பவல் அந்தச் சிறுவர்களை நான்கு அணிகளாகப் பிரித்தார். ஓநாய், காளை, காகம், நீண்ட மூக்குடைய ஒரு கரைப்பறவை என அணிகளுக்குப் பெயரிட்டார். செல்வர் வீட்டுப் பிள்ளையும் தொழிலாளியின் பிள்ளையும் ஒரே அணியில், ஒரே கூடாரத்தில் இருந்தார்கள். ஒவ்வோர் அணிக்கும் தலைவன் ஒரு சிறுவனே. சமையலும் காவலும் சுத்தமும் அந்த அணியின் பொறுப்பாயின.

பிள்ளைகளை இவ்வளவு நம்பலாம் என்பதை அவர் எங்கே கற்றார்? 1899 முதல் 1900 வரை, தென்னாப்பிரிக்காவின் மாபெகிங் நகரம் 217 நாட்கள் முற்றுகையிடப்பட்டிருந்தபோது, அந்நகரத்துச் சிறுவர்கள் செய்திகளைச் சுமந்து சென்றதைக் கண்டிருந்தார். வேலையைக் கொடுத்து நம்பினால் பிள்ளை அந்த நம்பிக்கைக்கு ஏற்றவனாக உயருகிறான் என்பதே அவர் கண்டுகொண்டது. 1908இல் அவர் எழுதிய நூலிலிருந்து சாரணர் இயக்கம் உலகெங்கும் பரவிற்று. "ஆயத்தமாயிரு" என்பது அதன் குறிக்கோள்.

நம்முடைய தேசத்தில் 1909இல் பெங்களூரில் முதல் சாரணர் படை அமைக்கப்பட்டது. ஆயினும் அது ஐரோப்பியப் பிள்ளைகளுக்கும் ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளுக்கும் உரியதாகவே இருந்தது. இந்தியச் சிறுவர்களுக்கு அதிலே இடமில்லை. ஆகவே 1916இல் சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையார், அருண்டேலின் துணையோடு, இந்தியப் பிள்ளைகளுக்கென்று தனிச் சாரணர் சங்கத்தை உண்டாக்கினார். அந்தப் பிள்ளைகள் தலைப்பாகை அணிந்து இந்தியப் பாடல்களைப் பாடினார்கள். 1918இல் அலகாபாத்தில் மதன் மோகன் மாளவியா, ஹிருதயநாத் குன்ஸ்ரு முதலியோர் சேவா சமிதி சாரணர் சங்கத்தைத் தொடங்கினார்கள். விடுதலைக்குப் பின், 1950 நவம்பர் 7ஆம் நாள் பிரிந்திருந்த சங்கங்கள் இணைந்து பாரத சாரணர் இயக்கமாயின. மறு ஆண்டு சாரணியரும் அதில் சேர்ந்தார்கள். அதன் 75ஆம் ஆண்டையொட்டி, 2025 ஜனவரி 28 முதல் பிப்ரவரி 3 வரை நம்முடைய திருச்சி மாவட்டத்து மணப்பாறையில் வைர விழாப் பெருந்திரளணி நடைபெற்றது. பல மாநிலங்களின் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் அங்கே கூடாரமிட்டார்கள்.

உங்கள் மகன் கொண்டுவந்த அந்தக் காகிதம், அவனுடைய பாட்டனாரின் தகப்பனார் காலத்தில் இந்தியப் பிள்ளை எவனுக்கும் எளிதில் கிடையாத ஒன்று. அதை அலமாரியின்மேல் போடுமுன் ஒருமுறை யோசியுங்கள்.

அந்த ஏழு நாட்களில் என்ன நடக்கிறது?

குடியேறி வாழ்ந்த ஜனங்கள் வருஷந்தோறும் ஏழு நாட்கள் வீட்டைவிட்டு இலைக் கூடாரங்களிலே தங்கவேண்டும், தங்கள் முன்னோர் எப்படி வாழ்ந்தார்கள் என்பதைப் பிள்ளைகள் அறியவேண்டும் என்னும் ஏற்பாட்டை நாம் கூடாரப் பண்டிகையில் காண்கிறோம். நம்முடைய முன்னோரும் தாராவிக்கு வந்தபோது சேற்று நிலத்தில் சாக்கும் ஓலையும் கட்டித்தான் குடியிருந்தார்கள். தரையில் முளையடித்துக் கயிறு கட்டும் பிள்ளைக்கு அந்த நாட்கள் சற்றே விளங்கும்.

தாதர் வழியாகச் செல்லும் லோக்கல் ரயில் கர்ஜத் சேருவதற்குள் கட்டடங்கள் குறைந்து சஹ்யாத்ரி மலைத்தொடர் தோன்றிவிடுகிறது. மே மாதத்தில் அங்கே களாப்பழமும் நாவற்பழமும் கனிந்திருக்கும். ஆதிவாசிப் பெண்கள் இலைத் தொன்னைகளில் வைத்து விற்பார்கள். மராத்தியில் அதற்குக் கர்வந்தா என்று பெயர். நம்முடைய நெல்லைச் சீமையின் பிள்ளைகளுக்கோ பாட்டி சொல்லிக் கேட்ட களாக்காய்தான். மே மாதக் கடைசியில், மழைக்குமுன், அம்மலைகளின் மரங்களில் மின்மினிகள் திரளாக ஒளிவிடும். தெருவிளக்கின் கீழே வளர்ந்த பிள்ளை அங்கேதான் இருட்டு என்றால் என்னவென்று முதன்முதல் காண்கிறான்.

முதல் நாள் கூடாரம் போடுவது, அடுப்பு அமைப்பது, குப்பைக்குக் குழி தோண்டுவது. காலையில் கொடியேற்றம், பேடன் பவலின் ஆறு உடற்பயிற்சிகள், பின்பு கூடாரச் சோதனை. ஆணியின்றி, மூங்கிலையும் கயிற்றையும் கொண்டே தட்டு வைக்கும் தாங்கியும் செருப்பு வைக்கும் தாங்கியும் கட்டுகிறார்கள். ஒருநாள் வரைபடமும் திசைகாட்டியும் கொண்டு நெடுநடை. இரவில் முகாம் தீயைச் சுற்றிப் பாட்டும் நாடகமும். கடைசி நாள் குழிகளை மூடி, ஒரு காகிதத் துண்டும் இல்லாமல் பொறுக்கி, வந்த இடத்தை வந்ததைவிடச் சுத்தமாக விட்டுப் புறப்படுகிறார்கள்.

இவை எல்லாவற்றிலும் மறைந்திருக்கும் ஒரே பாடத்தைக் கவனியுங்கள். ஆறு முதல் எட்டுப்பேர் கொண்ட அணியில் இன்றைக்கு விறகு பொறுக்கவேண்டியவன் உங்கள் மகன். அவன் விளையாடிக்கொண்டிருந்தால் அடுப்பு எரியாது. அடுப்பு எரியாவிட்டால் எட்டுப்பேரும் பட்டினி. வாத்தியார் அடிக்கமாட்டார், மார்க்கு குறையாது. ஆனால் ஏழு தோழர்களின் வெறும் தட்டு அவனைப் பார்க்கும். மறுநாள் அவனே விடியுமுன் எழுந்திருப்பான்.

வீட்டிலே இந்தப் பாடத்தை நாம் கொடுக்கிறோமா? பத்துக்குப் பத்து அறையில் ஐந்தாறு பேர் வாழும்போது, "ஒதுங்கி உட்காரு, நீ படித்தால் போதும்" என்பதே தாயார் சொல்லக்கூடிய வார்த்தை. அது அன்பில்லாத வார்த்தையல்ல, இடமில்லாத வார்த்தை. தாயே தண்ணீர் பிடிக்கிறாள், தாயே சமைக்கிறாள், தாயே பாத்திரம் கழுவுகிறாள். பிள்ளை பதினைந்து வயதுவரை பாரமாகவே எண்ணப்படுகிறான். மற்றவர்கள் தன்னை நம்பியிருக்கிற ஒரு வேலையைக்கூட அறியாமலே வளருகிறான். திடீரென்று பதினெட்டு வயதில் அவனிடம் பொறுப்பை எதிர்பார்க்கிறோம். அது எங்கிருந்து வரும்?

ஒரே பானை

மற்றொரு காரியத்தையும் சொல்லவேண்டும். நாம் ஊரைவிட்டு வந்தபோது சிலர் சாதியையும் மூட்டையோடு கட்டிக்கொண்டு வந்தோம். திருநெல்வேலி மாவட்டத்துச் சேரன்மாதேவியில் 1920களில் வ.வே.சு. ஐயர் ஒரு தமிழ்க் குருகுலத்தை நடத்தினார். தேசபக்தியையும் தமிழையும் பிள்ளைகளுக்கு ஊட்டவேண்டும் என்பதே அதன் நோக்கம். ஆயினும் அங்கே இரண்டு பிராமணச் சிறுவர்களுக்குத் தனியே உணவளிக்கப்பட்டது. வரதராஜுலு நாயுடுவும் பெரியார் ஈ.வெ.ராமசாமியும் அதைக் கண்டித்தார்கள். 1924-25 ஆண்டுகளில் அந்தப் பந்தி விவகாரம் தமிழ்நாட்டு அரசியலையே அசைத்தது. நல்ல நோக்கத்தோடு தொடங்கிய ஓர் இடமும் பந்தியிலே பிரிவினை வைத்தால் நிலைபெறாது என்பதற்கு அது சாட்சி.

சாரணர் அணியிலோ அடுப்பு ஒன்று, பானை ஒன்று. அரிசி கழுவியவன் எந்தத் தெருவைச் சேர்ந்தவன் என்று யாரும் கேட்பதில்லை. மராத்திப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் நம்முடைய பிள்ளையும் ஒரே கரண்டியால் பரிமாறிக்கொள்ளுகிறார்கள். உங்கள் மகன் அங்கே உப்பு அதிகமான குழம்பைச் சாப்பிட்டுவிட்டு வந்தாலும் நஷ்டமில்லை.

அனுப்புமுன் கேட்கவேண்டியவை

அப்படியானால் எந்த முகாமுக்கும் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பலாமா? கூடாது. பாட்டியின் பயத்தை நகைத்துத் தள்ளவேண்டாம். பயத்தைக் கேள்வியாக மாற்றிக் கேளுங்கள்.

முதலாவது, வெயில். 2023 ஆகஸ்டில் தென்கொரியாவின் சேமங்கும் என்னுமிடத்தில் உலகச் சாரணர் பெருந்திரளணி நடைபெற்றது. ஏறக்குறைய 43,000 பேர் கூடினார்கள். கடலை மீட்டெடுத்த அந்த நிலத்தில் நிழல்தரும் மரங்கள் இல்லை. கடும் வெப்பத்தினால் நூற்றுக்கணக்கானோர் சிகிச்சை பெற்றார்கள். பிரிட்டன், அமெரிக்கா முதலிய நாடுகள் தங்கள் பிள்ளைகளை இடையிலேயே வெளியே அழைத்துக்கொண்டன. பின்பு புயல் வரவே, எல்லாரும் அவ்விடத்தைவிட்டு அகற்றப்பட்டார்கள். உலக அளவிலான ஏற்பாட்டிலேயே இது நேரிட்டதானால், நம்முடைய மே மாதத்து வெயிலில் எவ்வளவு ஜாக்கிரதை வேண்டும்! மரநிழல் உண்டா? நண்பகலில் பிள்ளைகளுக்கு என்ன வேலை? குடிதண்ணீர் எங்கிருந்து? இவற்றைக் கேளுங்கள். பாரத சாரணரின் தேசியப் பயிற்சி மையம் மத்தியப் பிரதேசத்துப் பச்மடி மலையில் இருக்கிறது. கோடை முகாமுக்கு உயர்ந்த இடமே உகந்தது.

இரண்டாவது, தண்ணீர். மேலே சொன்ன வ.வே.சு. ஐயர் 1925 ஜூன் மாதம் குருகுலத்துப் பிள்ளைகளோடு பாபநாசம் அருவிக்குச் சென்றார். அங்கே அவருடைய மகள் சுபத்திரை நீரில் விழ, அவளைக் காப்பாற்றக் குதித்த அவரும் மாண்டுபோனார். அந்த மலையையும் அருவியையும் அறிந்த சீமையிலேயே இது நேர்ந்தது. நகரத்துப் பிள்ளைகளில் அநேகருக்கு நீச்சல் தெரியாது. பாறையின் பாசியும் சுழலும் தெரியாது. ஆறு, ஏரி, அணைக்கட்டு அருகே உண்டா? நீச்சல் அறிந்த பெரியவர் உடனிருப்பாரா? அனுமதியின்றி ஒருவனும் நீரில் இறங்கக்கூடாது என்னும் கட்டளை உண்டா?

மூன்றாவது, விஷக்கடி. கொங்கணத்தின் செந்தேள் கொடியது. ராய்கட் மாவட்டத்து மஹாட் நகரின் மருத்துவர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர், பிரசோசின் என்னும் மருந்தினால் அநேக உயிர்கள் தப்பும் வழியைக் கண்டார். 2022இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. ஆகவே தேள்கடிக்கும் பாம்புக்கடிக்கும் வேண்டியது மந்திரமல்ல, மருத்துவமனை. காலையில் செருப்பையும் போர்வையையும் உதறவும், இரவில் டார்ச் இல்லாமல் நடவாதிருக்கவும் பிள்ளைக்குச் சொல்லுங்கள். பாம்பு கடித்தால் கீறவோ உறிஞ்சவோ இறுகக் கட்டவோ கூடாது. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் உடனே கொண்டுபோகவேண்டும். விஷமுறிவு மருந்துள்ள அரசு மருத்துவமனை எவ்வளவு தூரம், இரவில் வண்டி உண்டா என்று கேளுங்கள்.

நான்காவது காரியத்தைச் சொல்ல நாவு கூசுகிறது. ஆயினும் சொல்லாமல் விடலாகாது. அமெரிக்காவின் சாரணர் அமைப்பு 2020இல் நீதிமன்றத்தில் திவால் மனுச் செய்தது. அவ்வழக்கில், சிறுவயதில் தலைவர்களால் பாலியல் கொடுமைக்கு உள்ளானதாக 82,000க்கும் மேற்பட்டோர் முறையிட்டார்கள். 2023இல் 246 கோடி டாலர் இழப்பீட்டுத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. சீருடையும் நல்ல பெயரும் மாத்திரம் பிள்ளையைக் காக்கமாட்டா. ஒரு பெரியவர் ஒரு பிள்ளையோடு தனித்திருக்க இடமுண்டா, அல்லது எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருப்பார்களா? பெரியவர்கள் தனிக் கூடாரத்தில் உறங்குவார்களா? பெண்பிள்ளைகளோடு பெண் தலைவிகள் செல்கிறார்களா? இவற்றைக் கேட்க வெட்கப்படவேண்டாம். கேள்விக்குக் கோபிக்கிறவரிடத்தில் பிள்ளையை ஒப்புவிக்கவேண்டாம். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் பிள்ளைகளுக்காகவே இயற்றப்பட்டது. 1098 என்னும் எண் பிள்ளைகளுக்கான உதவி எண். அதை உங்கள் பிள்ளை மனப்பாடமாய் அறிந்திருக்கட்டும். "யார் எதைச் செய்தாலும் எங்களிடம் சொல்லலாம், உன்னை அடிக்கமாட்டோம்" என்ற வார்த்தையைப் புறப்படுமுன் சொல்லி அனுப்புங்கள். நம்முடைய சபைகள் நடத்தும் முகாம்களுக்கும் இதே கேள்விகள் பொருந்தும்.

முகாமில் எல்லா மதத்தாரும் கூடிச் செய்யும் பிரார்த்தனையைக் குறித்துச் சிலர் கலங்குகிறார்கள். சாரணன் கொடுக்கும் வாக்குறுதியில் முதலாவது கடமை கடவுளுக்கே. உங்கள் பிள்ளை தன் முறை வரும்போது தான் கற்ற ஜெபத்தைச் செய்யட்டும். மற்றவர்களின் வேளையில் மரியாதையாய் அமைதியாக நிற்கட்டும். அவ்வளவுதான். ஞாயிறு ஆராதனையைப் பற்றிப் பொறுப்பாளரிடம் முன்னமே பேசிக்கொள்ளுங்கள்.

பெண்பிள்ளைகளுக்கும் இவையெல்லாம் பொருந்தும். பூனாவில் 1966 முதல் சங்கம் என்னும் உலகச் சாரணியர் மையம் இருக்கிறது. அநேக தேசத்துப் பெண்கள் அங்கே வந்து தங்குகிறார்கள். மகனை அனுப்பிவிட்டு மகளை மாத்திரம் அடுப்பண்டை நிறுத்திவைப்பது நியாயமல்ல.

செலவைக் குறித்தும் ஒரு வார்த்தை. புதிய பை, புதிய ஷூ என்று கடன் வாங்கவேண்டாம். பழைய போர்வை, எவர்சில்வர் தட்டு, டம்ளர், டார்ச், ஒரு கயிறு, இரண்டு மாற்று உடை போதும். அதற்கும் இயலாத வீடு உங்கள் சாலில் இருக்குமானால், அறிந்தவர்கள் நான்குபேர் சேர்ந்து, அந்தப் பிள்ளையின் பெயர் வெளியே வராமல், கட்டணத்தைக் கட்டிவிடுங்கள்.

இவ்வருஷம் எந்த விதத்திலும் அனுப்ப இயலாதவர்கள் சோர்ந்துபோகவேண்டாம். தாராவியை ஒட்டி, மித்தி ஆற்றங்கரையில் மகாராஷ்டிரா இயற்கைப் பூங்கா இருக்கிறது. ஒருகாலத்தில் நகரத்தின் குப்பை மேடாயிருந்த இடம் அது. மரம் நட்டு வளர்த்து, 1994இல் பூங்காவாகத் திறந்தார்கள். ஒரு சனிக்கிழமை பிள்ளையோடு அங்கே நடந்துவாருங்கள். வழியை அவன் காட்டட்டும்; தண்ணீர்ப் பாட்டிலையும் சாப்பாட்டையும் அவனே கணக்குப் பார்த்து எடுத்துவரட்டும்.

எட்டாம் நாள்

பிரியமானவர்களே, ஏழு நாட்களைவிட எட்டாம் நாளே முக்கியமானது. வெயிலில் கறுத்து, முழங்காலில் காயத்தோடு, புகை மணக்கும் சட்டையோடு பிள்ளை வீடு திரும்புவான். தாயார் என்ன செய்கிறார்? "ஐயோ, மெலிந்துவிட்டாயே, நீ உட்காரு" என்று தட்டைக் கையில் கொடுக்கிறார். அந்த ஒரு வார்த்தையில் எட்டுப்பேருக்குச் சோறு பொங்கியவன் மறுபடியும் பாரமாகிவிடுகிறான்.

அப்படிச் செய்யவேண்டாம். அவன் வந்த மறுநாளே வீட்டில் ஒரு வேலையை முழுவதுமாக அவனிடத்தில் ஒப்புவியுங்கள். குழாயில் தண்ணீர் வரும் வேளையில் எழுந்து பிடித்து நிரப்புவது அவனுடைய வேலையாக இருக்கட்டும். அல்லது பாட்டியின் மாத்திரைகளை வேளைதோறும் எடுத்துக்கொடுப்பது அவனுடையதாக இருக்கட்டும். ஒருநாள் தவறினால் ஓடிப்போய் நீங்கள் செய்துவிடாதேயுங்கள். தண்ணீரில்லாத ஒரு காலை வேளையை வீடு முழுவதும் சகித்துக்கொள்ளட்டும். மலையடிவாரத்தில் அவன் கற்ற பாடம் அறைக்குள் நிலைத்திருப்பதற்கு அதுவே வழி.

கையொப்பம் கேட்கும் காகிதம் உங்கள் வீட்டில் இப்போதும் இருக்கக்கூடும். கேட்கவேண்டியதைக் கேளுங்கள். பதில் திருப்தியாயிருந்தால் கையெழுத்திடுங்கள். பாட்டியின் டார்ச்சுக்குப் புதிய பாட்டரி வாங்கிக் கொடுங்கள்.